மாவு ஆறும் நேரம்

மாவு மில்லிலிருந்து டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தால், அரைத்த சூடு தகரத்தைத் தாண்டி, சேலையைத் தாண்டி, விலாவில் ஏறும், தூங்கிப்போன குழந்தையை இடுக்கிக்கொண்டு நடந்தால் ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பாக இருக்குமே, அப்படி. போன மாதம் மதுரையில் எங்கள் தெருமுனை மில்லிலிருந்து வீட்டுக்கு நடந்த நாலு நிமிடத்தில் அந்தச் சூடு என்னை மேலூருக்குக் கிழக்கே ஒரு முற்றத்துக்கும், கோயம்புத்தூரில் ஒரு வகுப்பறைக்கும், குன்னூர்ப் பனிக்கும் கொண்டுபோய்விட்டு, வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் இறக்கிவிட்டது.

அந்த மில் இப்போது சாயங்காலம் மட்டும்தான் திறக்கிறது. முன்பெல்லாம் அரிசிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று என்று மூன்று இயந்திரங்கள் ஓடும், பெல்ட் அடிக்கிற சத்தம் தெரு திரும்பும்போதே கேட்கும், வரிசையில் வைத்த தூக்குவாளிகளுக்குப் பின்னால் பெண்கள் குந்தியிருந்து ஊர்க்கதை பேசுவார்கள், இப்போது ஒரே இயந்திரம், எல்லாம் அதில்தான், ஆகவே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி என்னண்ணே அரைச்சீங்க?" என்பதுதான். மிளகாய் அரைத்த கையோடு பிள்ளைக்கு மாவு அரைக்கக் கூடாது, யாராவது கோதுமையோ அரிசியோ கொண்டுவந்து அரைத்துப் போகும்வரை காத்திருக்க வேண்டும், முக்கால் மணி நேரம் காத்திருந்தேன், ஒருவரும் வரவில்லை, கடைசியில் அவரே இரண்டு கை பச்சரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு, "குடுங்க டீச்சர்" என்று என் பையை வாங்கினார். துணிக்குழாயிலிருந்து மாவு விழத் தொடங்கியதும் வறுத்த பாசிப்பயறின் வாசனை முதலில் வந்தது, அதற்கடியில் எள், எல்லாவற்றுக்கும் அடியில் நனைந்து முளைத்துக் காய்ந்த கேப்பையின் வாசனை, மழை விட்ட மறுநாள் களத்து மேட்டில் நிற்பதுபோல.

சென்னையில் இருக்கிற பேத்திக்கான மாவு அது, ஒன்பது மாதம் ஆகிறது அவளுக்கு. மகள் வீட்டு அலமாரியில், 32 வகை தானியமும் பருப்பும் கொட்டையும் கலந்தது என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சடித்த பாக்கெட் ஒன்று இருக்கிறது, பிரித்தால் வெனிலா வாசம்தான் வருகிறது, அத்தனையில் ஒன்றின் வாசம்கூட மூக்குக்குப் பிடிபடுவதில்லை. சத்துமாவின் தரத்தை எண்ணிக்கையால் அளக்க முடியாது என்பது முப்பது வருடம் மனையியல் பாடம் நடத்திய எனக்கு உறுதியாகத் தெரியும், பாதாமும் பிஸ்தாவும் ஆளுக்கு அரை ஸ்பூன் விழுந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, தானியம் ஒன்று, பயறு ஒன்று, எண்ணெய் வித்து ஒன்று, இனிப்புக்குக் கொஞ்சம் வெல்லமோ கருப்பட்டியோ, இவ்வளவு போதும், ஆனால் ஒவ்வொன்றையும் கழுவி, கல் பொறுக்கி, பதம் பார்த்து வறுத்திருக்க வேண்டும், முப்பத்திரண்டையும் யார் உட்கார்ந்து பொறுக்கியிருப்பார்கள் என்று அந்தப் பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

அப்பத்தாவுக்கு நாலே சாமான்தான். கேப்பை, பாசிப்பயறு, கடலை, எள். அந்த நாலைக் கொண்டு அவள் என்னைப் பிழைக்கவைத்தாள் என்று எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள், எனக்கு நினைவு தெரியாத வயது அது, நான் பிறந்து பதினொரு மாதத்தில் அம்மாவுக்கு அடுத்த பிள்ளை உண்டாகிவிட்டது, பால் கடுத்துப்போகும் என்று என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார்கள், இரண்டு மாதத்தில் முடி செம்பட்டை பாய்ந்து, கை கால் குச்சியாகி, எந்நேரமும் சிணுங்கலும் அழுகையுமாகக் கிடந்தேனாம். ஊரில் அதற்கு மருத்துவரைக் கேட்டுப் பெயர் வைக்க வேண்டியதில்லை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிற எந்தக் கிழவியும் ஒரே பார்வையில், "சவலையாப் போச்சுடி ஒம் பிள்ள" என்று சொல்லிவிடுவாள். சவலை என்பதை மெலிவு என்று அகராதியில் ஒரே சொல்லில் முடித்துவிடலாம், ஊர் வழக்கில் அதற்குள் ஒரு கதையே இருக்கிறது, வயிற்றில் அடுத்தது வந்ததால் தாய்ப்பாலை இழந்த பிள்ளை, முலையிலிருந்தும் மடியிலிருந்தும் ஒரே நாளில் இறக்கப்பட்ட பிள்ளை.

அதே மாவை என் சித்தி பிள்ளைகளுக்காக அவள் செய்ததை நான் ஏழெட்டு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குச் செய்ததும் அப்படித்தான் இருந்திருக்கும். கேப்பையை நாலு தண்ணியில் கழுவி, இரவு முழுக்க ஊறப்போட்டு, விடிந்ததும் வடித்து, தாத்தாவின் பழைய வேட்டித்துணியில் மூட்டையாகக் கட்டி, அடுக்களை மூலையில் பானைமேல் வைத்துவிடுவாள், தண்ணி தெளித்துத் தெளித்து இரண்டாம் நாள் அவிழ்த்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று முளை, ஒரு மாதிரிப் பச்சை வாசனை, வைக்கோலும் தேனும் சேர்ந்த மாதிரி. அதை வெயிலில் காட்டமாட்டாள், தாழ்வாரத்து நிழலில்தான் காயவைப்பாள், காய்ந்ததும் இரண்டு கையாலும் கசக்கிச் சுளகில் புடைத்தால் முளைவேர் தூசாகப் பறந்துபோகும், மதிய வெயில் ஓட்டு இடுக்கு வழியே சாய்ந்து விழுகிற இடத்தில் அந்தத் தூசு பொன்னிறமாக நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். பயறு மட்டும் மண் ஓட்டில் கைவிடாமல் வறுபடும், சிவக்கவும் கூடாது, பச்சையாகவும் நிற்கக் கூடாது, ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள், சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டை இறக்குவாள்.

கடலையில்தான் அவளுக்கு நேரம் அதிகம் போகும். உடைத்த பருப்பை வெள்ளைத்துணியில் கொட்டி, வாசல்பக்கத்து வெளிச்சத்துக்கு இழுத்துப்போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள், சுருங்கியது, கறுத்தது, தோலில் பச்சைப் பூச்சுப் பிடித்தது, முளைக்குருத்துப் பக்கம் நிறம் மாறியது எல்லாம் தனியே போகும், சந்தேகமானதை நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, காறினால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்கிவிடுவாள், கண்ணாடி கிடையாது, விரல் பார்த்துக்கொள்ளும். ஒரு படி கடலையில் கால் படிக்கு மேல் கோழிக்கும் போகாமல் குப்பைக்குப் போகும், "கோழி தின்னா மட்டும் சாகாதா" என்பாள். ஈரக்கடலையில் வளர்கிற பூஞ்சையின் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் என்பதும், 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஆயிரமாயிரமாகச் செத்து விழுந்த பிறகுதான் அறிவியல் அதைக் கண்டுகொண்டது என்பதும், கையால் பொறுக்கி ஒதுக்குவதே இன்றைக்கும் அதற்கு நல்ல காவல் என்பதும் நான் பின்னால் படித்தவை. இப்போது கடையில் கிடைக்கிற தோல் நீக்கிய வறுகடலையில் அந்தத் தோலும் இல்லை, பார்ப்பதற்கான அடையாளமும் இல்லை.

அவளைத் தெய்வமாக்க எனக்கு மனமில்லை. பிள்ளைக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த அதே கைதான், பிள்ளை பெற்ற என் அம்மாவுக்குப் பச்சை உடம்பு என்று கீரையையும் பழத்தையும் தடுத்தது, ரசமும் சோறும் மட்டும் போட்டது, மாவுக்கஞ்சியில் ஒரு கரண்டி அம்மாவுக்கும் போயிருந்தால் உடம்பு அப்படி வற்றியிருக்காது என்பதை ஒருநாளும் அவள் யோசித்ததில்லை, அம்மா கடைசி ஆளாக உட்கார்ந்து பானையின் அடியைச் சுரண்டித் தின்றதை நானே பார்த்திருக்கிறேன். நாலு சாமானின் சேர்க்கை அவளுக்குத் தெரிந்திருந்தது, வீட்டில் யாருக்கெல்லாம் அது வேண்டும் என்பது தெரியவில்லை.

ஆனால் ஊட்டுவதில் அவள் பிழை செய்ததே இல்லை. தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைத் தொடைகளுக்கு நடுவே சாய்த்து, வெண்கலக் கும்பாவில் கஞ்சியை வைத்துக்கொண்டு, முதலில் ஆள்காட்டி விரலால் அதில் ஒரு கோடு இழுப்பாள், கோடு மூடாமல் நின்றால்தான் கஞ்சி, மூடிக்கொண்டால் "இது தண்ணி" என்று அடுப்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள். அதில் ஒரு சூட்சுமம் இருந்தது, எனக்கு அது விளங்கப் பல வருடம் ஆயிற்று, கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய பிறகு, வறுக்காமல் தனியே அரைத்து வைத்த முளைக்கேப்பை மாவில் ஒரு சிட்டிகை தூவி, கிண்டிவிட்டு, வெற்றிலை போடப் போவாள், அவள் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துத் திரும்பி வருவதற்குள் கஞ்சி இளகி வழுவழுவென்று ஆகியிருக்கும், இன்னொரு கொதி காட்டி இறக்குவாள், அந்தக் கஞ்சிக்கு மட்டும் கோட்டுச் சோதனை கிடையாது.

கோயம்புத்தூரில் மனையியல் படிக்கப் போனது 1981இல். விடுதியில் காலை நேரத்துக்கு ஈர விறகும் நீலகிரித் தைலமும் கலந்த வாசனை, ஆய்வுக்கூடத்தில் அதற்கு நேர்மாறாக ஸ்பிரிட்டின் கூர்மை, அந்த ஊரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் சோளம், கேழ்வரகு போன்ற உள்ளூர்த் தானியங்களோடு பாசிப்பயறும் கடலையும் வெல்லமும் சேர்த்து 'குழந்தை அமுது' என்ற கலவையை உருவாக்கியது பற்றி எங்களுக்குப் பாடமே இருந்தது. ஏன் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்பதை எங்கள் அம்மா, நாங்கள் ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம், கதம்பத்தை வைத்துச் சொன்னார். மல்லி, கனகாம்பரம், மருக்கொழுந்து என்று வரிசை மாறாமல் கட்டிக்கொண்டே போகிறோம், கூடையில் மல்லி எவ்வளவு குவிந்திருந்தாலும் கனகாம்பரம் தீர்ந்த இடத்தில் சரம் நின்றுவிடும், உடம்பும் புரதத்தை அப்படித்தான் கட்டுகிறது, தானியத்தில் லைசின் என்ற பூ குறைச்சல், பயறில் அது கூடுதல், பயறில் மெத்தியோனின் குறைச்சல், எள்ளில் அது தாராளம், தனித்தனியாகத் தின்றால் பாதிச் சரத்தோடு நிற்கும், ஒரே வேளையில் சேர்ந்தால் சரம் நீளும். அன்று அப்பத்தாவின் நாலு சாமானும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றதை நான் நோட்டில் எழுதிக்கொண்டே பார்த்தேன், நூறு கிராமுக்குக் கேப்பையில் 7 கிராம் புரதம், பயறில் 24, கடலையில் 25, எள்ளில் 18, கேப்பையின் சுண்ணாம்புச் சத்து மட்டும் 344 மில்லிகிராம், பசும்பாலில் 120தான், ஆனால் முளைகட்டாத கேப்பையில் ஃபைட்டேட் என்ற பொருள் அந்தச் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொண்டு எளிதில் விடாது, ஊறவைத்து முளைவிட்டால் அதன் பிடி தளரும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஹைதராபாத் கலவையை நாங்களே எடைபோட்டுச் செய்தோம், கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16, நிலக்கடலை 10, வெல்லம் 20, சேர்ந்தால் 86 கிராம், 330 கலோரி, 11 கிராமுக்குச் சற்று மேல் புரதம், எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்கிற சாமான், நான் இன்றைக்கும் யார் கேட்டாலும் முதலில் சொல்வது அதைத்தான்.

அந்த வருடத்து வகுப்புகளில் ஒன்றை மட்டும் நாள் கிழமையோடு சொல்ல முடியும் அளவுக்கு நினைவிருக்கிறது, மழை பெய்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை, சிசிலி வில்லியம்ஸ் என்ற ஜமைக்காவில் பிறந்த மருத்துவரைப் பற்றிய பாடம். இப்போது கானா என்று சொல்கிற கோல்ட் கோஸ்டில் அவர் வேலை பார்த்தபோது, கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சாகிற குழந்தைகளைப் பார்த்திருக்கிறார், எல்லாம் பால் மறந்து வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளர்ந்தவை, 1933இல் அதை எழுதினார், 1935இல் மறுபடி எழுதியபோது அந்த ஊர்க் கா மொழிப் பெண்கள் சொன்ன பெயரையே வைத்தார், குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறக்கும்போது முந்திய பிள்ளைக்கு வருகிற நோய் என்று அதற்குப் பொருள் என்றார் எங்கள் அம்மா. நான் பேனாவை வைத்துவிட்டேன். எங்கோ ஒரு கடற்கரையில், எங்கள் கிழவிகளைக் கண்டே இராத கிழவிகள், திண்ணையில் உட்கார்ந்து பார்த்து அதே இடத்தில்தான் விரலை வைத்திருக்கிறார்கள், பஞ்சம் என்றோ பத்தியம் என்றோ பெயர் வைக்கவில்லை, மடி போனது என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த தோழி என்ன ஆச்சு என்று கேட்டாள், நானும் அந்தப் பிள்ளைதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

குன்னூருக்குச் சுற்றுலா போனது அதற்கடுத்த கோடையில். பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தைச் சுற்றித் தைலமரத்து இலைகளில் பனி சொட்டிக்கொண்டிருந்தது, கம்பளிக் குல்லாவும் கக்கத்தில் குடையுமாக ஒரு பெரியவர் தானாகவே எங்களோடு சேர்ந்துகொண்டு ஒவ்வொரு ஜன்னலாகக் காட்டினார், அவருடைய மாமா அந்தக் காலத்தில் அங்கே எலிக்கூண்டு கழுவியவராம். 1918இல் ராபர்ட் மெக்கரிசன் அங்கே ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார், அதுதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாதுக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது, அந்த மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குக் கொடுத்து எடைபோட்டுப் பார்த்தார், சீக்கியர்களின் சப்பாத்தி, பருப்பு, பால், காய்கறி தின்றவை நன்றாகக் கொழுத்தன, நம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு தின்றவைதான் எல்லாவற்றிலும் எடை குறைந்து நின்றன. "நம்ம சோத்தைத் தின்ன எலி சொணங்கிக் கிடக்கும்னு மாமா சொல்வார்ம்மா" என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டு, குடையை விரிக்காமலே மழையில் நடந்துபோனார்.

சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து ஆய்வாளர் சி. கோபாலன் வேலையைத் தொடங்கியதும் அந்தக் குன்னூர்க் கூடத்தில்தான். உலகமே புரதம் புரதம் என்று பேசிக்கொண்டிருந்த நாட்களில், நம் ஊர்த் தானியமும் பருப்பும் வயிறு நிறையக் கிடைத்தால் புரதம் தானே வந்துவிடும், பிள்ளைகளுக்கு எட்டாதது சாப்பாட்டின் அளவுதான் என்று அவர் சொன்னார், சொன்னதோடு நில்லாமல், ஹைதராபாத் பக்கத்துக் கிராமப் பிள்ளைகளுக்கு ஓராண்டுக்கு மேல் தினம் 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் உள்ள பண்டத்தைக் கொடுத்து, அவர்கள் உயரமும் எடையும் கூடியதை 1973இல் வெளியிட்டுக் காட்டினார். இதைப் படித்தபோது, இவ்வளவு கெட்டிக்காரக் கலவைகளெல்லாம் வீணா என்று எனக்கு வருத்தமாக இருந்தது, வீணில்லை, சரம் கட்டப் பூவும் வேண்டும், நாரும் வேண்டும் என்பது மெல்ல மெல்லத்தான் மனதில் இறங்கியது.

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கே வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. உலக வங்கி உதவியோடு 1980இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் எங்கள் மதுரை மாவட்டத்தில்தான் முதலில் வந்தது, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுக்கு அது மூத்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுவரையுள்ள கைப்பிள்ளைகளை முக்கியமாகப் பார்த்தது. மந்தை ஓரத்துக் கட்டடத்தில் உத்திரத்திலிருந்து தராசு தொங்கும், அதில் கால்சட்டை மாதிரி ஒரு துணி, மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையையும் அதில் நுழைத்துத் தொங்கவிட்டு அட்டையில் புள்ளி வைப்பார்கள், புள்ளி ஏறாத பிள்ளைகளுக்கு மட்டும் தொண்ணூறு நாளைக்குச் சத்துமாவு உருண்டை, ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பிள்ளையை நிறுத்தால் கண்பட்டுப்போகும் என்று முதலில் எத்தனையோ தாய்மார்கள் வரவில்லை, அப்பத்தாதான் என் சித்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், "எங்க, நிறு பாப்பம்" என்று நின்றாள், முள் ஆடி நிற்கிறவரை கண்ணை எடுக்கவில்லை, பிறகு உருண்டையில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, "கடல நல்லதாத்தான் போட்டுருக்கான்" என்றாள், அவளிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் யாருக்கும் கிடைத்ததில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோனால் நாலு பேருக்குப் பங்காகிவிடும் என்பதால் உருண்டையை அங்கேயே உட்கார்ந்து தின்ன வேண்டும் என்பது விதி. இரண்டரை வயதுப் பெண் ஒருத்தி, பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பாவாடை நுனியில் சுருட்டி, முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், வீட்டில் ஆறு மாதத் தம்பி இருந்தான், அவனுக்குப் பல்லே முளைக்கவில்லை. பணியாளர் அக்கா அதைப் பார்த்தும் பல நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தார், ஒருநாள் அந்தப் பெண்ணைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தம்பிக்குத் தனியே இருக்கிறது என்று ஒரு பொட்டலத்தைக் காட்டி, மீதிப் பாதியையும் ஊட்டினார், அந்தப் பிள்ளை பொட்டலத்தின் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு மென்றாள். அடுத்த மாதம் புள்ளி ஏறியதாகச் சித்தி கடிதம் எழுதியிருந்தாள்.

நாலு நிமிடம் அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து மாவைக் கொட்டிப் பரப்பினேன், சூட்டோடு டின்னை மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டிபிடித்துவிடும், ஆறும்வரை மின்விசிறியையும் போடக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், உட்கார்ந்துகொண்டே மகளுக்குப் போன் போட்டேன், கூரியரில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லத்தான்.

"கெட்டியா குடுத்தா துப்பிர்றாம்மா," என்றாள் அவள், "அதான் தண்ணியா கரைச்சு பாட்டில்ல குடுத்திர்றேன், நானும் லேப்டாப்ப தொறக்கணும்ல."

மாவுக்குள் கை வைத்தபடியே இருந்தேன். ஒன்பது மாதப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும், தண்ணியாகக் கரைத்தால் அதற்குள் 10 கிராம் மாவு போகும், நாற்பது கலோரிகூடத் தேறாது, அந்தப் பத்து கிராமில் 32 வகை இருந்தால் என்ன, நாலு வகை இருந்தால் என்ன, பாக்கெட்டின் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் இடம் மாறி வைத்த கோபம் என்று அப்போதுதான் பட்டது. அதைவிடச் சங்கடமான ஒன்றும் கூடவே பட்டது, முளைகட்டிய கேப்பையை நானும் மற்ற சாமான்களோடு சேர்த்துச் சிவக்க வறுத்துத்தான் மில்லுக்குக் கொண்டுபோயிருந்தேன், வாசனைக்காக. முளையில் ஊறிவருகிற அமைலேஸ் என்ற நொதிதான் கஞ்சியில் ஊதிக்கிடக்கிற மாவுச்சத்தின் நீளச் சங்கிலிகளை நறுக்கி இளக்குவது, சூடு மிஞ்சினால் அது செத்துவிடும், இதை வருடாவருடம் கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது, அப்பத்தா ஏன் அந்த மாவைத் தனியே, வறுக்காமல், சின்னச் சம்படத்தில் வைத்திருந்தாள் என்பதை மட்டும் அந்தக் கரும்பலகையோடு ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கூரியரை நிறுத்திவிட்டு ஒரு ஆழாக்குக் கேப்பையை ஊறப்போட்டேன். மூட்டை கட்ட வேட்டித்துணி இல்லை, கைக்குட்டையில் கட்டினேன், முளைவிட்டு, தாழ்வாரம் இல்லாத வீட்டில் கட்டிலுக்கடியில் காய்ந்து, மிக்ஸியில் அரைத்துத் துணியில் சலித்ததும் ஒரு காபித்தூள் பாட்டில் அளவுக்குத் தேறியது. அதை வைத்துப் பார்த்தேன், ஒரு டம்ளர் தண்ணீருக்கு 30 கிராம் மாவு, அடுப்பிலிருந்து இறக்கினால் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது, கொதி அடங்கி, கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போது முளைமாவில் ஒரு சின்ன ஸ்பூன் தூவிக் கிண்டினேன், முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பிறகு கரண்டி மெல்லச் சாய்ந்தது, ஓரங்களில் பளபளப்பு வந்தது, மூன்று நிமிடத்தில் கரண்டியிலிருந்து கஞ்சி நூலாக வழிந்தது, தண்ணி ஒரு சொட்டு ஊற்றவில்லை, சர்க்கரையும் போடவில்லை, நாக்கில் வைத்தால் லேசாக இனித்தது.

ரயிலில் டின்னை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன், மாவு ஆறி நாலு நாள் ஆகியிருந்தது. சென்னையில் அந்தச் சின்ன அடுப்படியில் மகள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள், கரண்டி சாய்ந்ததும், "தண்ணி ஊத்துனியா?" என்று கேட்டாள், இல்லை என்றேன், "திரும்பக் காட்டு" என்றாள், இன்னொரு கொதி விட்டு இறக்கி ஆற்றிக் கொடுத்தேன். அவள் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசையில் திறந்திருந்த லேப்டாப்பை ஒருமுறை பார்த்தாள், பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.